மெடிகேர் மறுத்த யூரோஸ்டமி பில்: உடனே பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. ஒரிஜினல் மெடிகேரில் (முதியோருக்கு அமெரிக்க அரசே நேரடியாக நடத்தும் மருத்துவக் காப்பீடு) பார்ட் பி (டாக்டர் கட்டணம், மருத்துவப் பொருள்களுக்கான பகுதி) இருக்கிறது, மெடிகேப் (மீதிச் செலவை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடு) எடுக்கவில்லை. புற்றுநோய் காரணமாகச் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுகுடல் துண்டு ஒன்றை வைத்து யூரோஸ்டமி (வயிற்றில் ஒரு திறப்பு வழியாகச் சிறுநீர் வெளிப்பையில் சேரும் ஏற்பாடு) செய்தார்கள். வீடு திரும்பிய பிறகு சில வாரங்கள் நர்ஸ் வந்து பார்த்தார். அப்போது நாங்களே வெளி சப்ளையரிடம் பைகள் வாங்கினோம். மெடிகேர் மறுத்துவிட்டதாக இப்போது 412 டாலர் பில் வந்திருக்கிறது. இனி மாதம் 20 பைதான் தரமுடியும் என்கிறார்கள். அப்பாவுக்கு 30 ஆகிறது. பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். சப்ளையர் பில்லை ஓரமாக வைத்துவிட்டு, மெடிகேர் அனுப்பும் சம்மரி நோட்டீஸைப் பாருங்கள். உங்களிடம் அதிகபட்சம் எவ்வளவு வசூலிக்கலாம் என்று அதில் ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே பூஜ்யம் இருந்தால் நீங்கள் ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. மறுத்த காரணமும் அதே நோட்டீஸில் இருக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சிக்கல் நர்ஸ் வந்த நாட்களில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் ஹோம் ஹெல்த், அதாவது நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கும் கவனிப்பில் இருக்கும்வரை ஆஸ்டமி பொருள்களை (வயிற்றுத் திறப்புக்கான பை, தட்டு போன்றவை) நர்ஸை அனுப்பும் ஏஜென்சியே தர வேண்டும். அதற்கான தொகை ஏஜென்சிக்கு மெடிகேர் தரும் மொத்தப் பணத்திலேயே அடக்கம். நர்ஸ் வேறு எதற்காக வந்திருந்தாலும் விதி இதுதான். அதே தேதிகளில் வெளி சப்ளையர் போடும் கிளெய்ம் தானாகவே தள்ளுபடியாகும். ஏஜென்சி மூலம் வாங்கியிருந்தால் வழக்கமாக நீங்கள் தரவேண்டிய 20 சதவீதப் பங்குகூட வந்திருக்காது. ஆகவே ஏஜென்சியைக் கூப்பிட்டு, கவனிப்பு தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். பொருள்கள் எங்கள் வழியாகத்தான் வரவேண்டும் என்று சேர்க்கும்போதே அவர்கள் சொல்லியிருந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம். சொல்லவில்லை என்றால் அந்த வாதம் உங்களுக்குச் சாதகம். முடிந்த தேதிக்குப் பிறகு அனுப்பிய பொருள்களும் அதே பில்லில் கலந்திருந்தால், அவற்றை மட்டும் பிரித்து மறுபடி கிளெய்ம் போடச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 120 நாள் அவகாசம் உண்டு.

தேதிகள் சரியாக இருந்தால், கிளெய்மில் நோய்க்கும் பொருளுக்கும் போட்ட கோடு எண்களைப் பாருங்கள். யூரோஸ்டமிக்கு ஐசிடி-10 நோய்க்கோடு இசட்93.6. சிறுகுடல் துண்டு வைத்துச் செய்த அறுவை என்பதால் அவசரத்தில் இலியாஸ்டமி (சிறுகுடலிலிருந்து மலம் வெளிவரும் திறப்பு) என்று நினைத்து இசட்93.2 போட்டுவிடுகிறார்கள். நோய்க்கோடு மலப்பைக்கானது, பொருள் சிறுநீர்ப் பை என்றால் கிளெய்ம் எப்படி நிற்கும்? பொருள் கோடிலும் இதே குழப்பம் வரும். இரண்டு பாகமாக வரும் சிறுநீர்ப் பைக்கு ஏ5073; அந்தப் பையில் சிறுநீரைத் திறந்துவிடும் குழாய்த் திருகு இருந்தால், பூட்டும் வளையம் இல்லாத பைக்கு ஏ4432, அது உள்ள பைக்கு ஏ4434. ஏ5063 மலப்பைக்கான கோடு. இதற்கெல்லாம் மேல்முறையீடு வேண்டாம், சப்ளையர் திருத்தி அனுப்பினால் போதும். சேவைத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இனி அந்த 20 பை. அது மெடிகேரின் வழக்கமான உச்சவரம்பு, தாண்டவே கூடாத எல்லையல்ல. ஆனால் மருத்துவர் சீட்டில் 30 என்று எழுதுவதால் மட்டும் வேலை நடக்காது. கூடுதலாக ஏன் தேவை என்பது மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும்: ஸ்டோமா (வயிற்றுத் திறப்பு) உள்வாங்கியிருக்கிறது, தோல் புண்ணாகிறது, ஒட்டுத்தட்டு (பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் தட்டு) இத்தனை நாளில் கசிகிறது என்பதுபோல. பொதுவாக வாரம் இரண்டு முறை மாற்றினால் மாதம் ஒன்பது பைக்குள் முடிந்துவிடும். 30 ஆகிறதென்றால் முதலில் கசிவுக்குக் காரணம் தேடுங்கள். அறுவைக்குப் பிந்தைய ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். பழைய அளவில் வெட்டிய தட்டு சுற்றிலும் இடைவெளி விட்டுவிடும். ஸ்டோமா உள்வாங்கியிருந்தால் தட்டையான ஒட்டுத்தட்டுக்குப் பதில் குவிந்தது கேளுங்கள். நீடித்து ஒட்டும் குவிந்த தட்டின் கோடு ஏ4407. ஆஸ்டமி நர்ஸிடம் ஒருமுறை அளவெடுத்துக்கொண்டால் பை எண்ணிக்கை தானாகக் குறையவும் வாய்ப்புண்டு.

இரவில் இணைக்கும் படுக்கைப் பை, ஏ4357, மாதம் இரண்டு. பையுடன் பாட்டிலையும், அதாவது ஏ5102-ஐயும் சேர்த்துக் கேட்டால் ஒன்றை மறுப்பார்கள்.

செலவுக் கணக்கில், 2026-ல் பார்ட் பி டிடக்டிபிள் (வருடத்தில் முதலில் நீங்களே கட்டும் தொகை) 283 டாலர். அதற்குப் பிறகு அங்கீகரித்த தொகையில் 20 சதவீதம் உங்களுடையது. இந்த வயதில் மெடிகேப் கேட்டால் நிறுவனம் நோய் வரலாற்றைப் பார்த்து மறுக்கலாம், ஆகவே அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே முறையில் மூன்று மாத அளவு வரை அனுப்பலாம். ஆனால் நீங்கள் கேட்டு உறுதி சொல்லாமல் தானாக அனுப்பக் கூடாது. அடுத்த ஆர்டருக்கு முன் சப்ளையரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: மெடிகேர் அங்கீகரித்த தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பீர்களா? ஆஸ்டமி பொருள்களில் டாக்டர் கட்டணத்துக்கு உள்ள மேல்வரம்பு கிடையாது, ஏற்காதவர் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.