வீட்டுக்கு வரும் நர்ஸே தடுப்பூசி போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டுக்கு வரும் நர்ஸ், "ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் நானே வாங்கி வந்து போட்டுவிடுகிறேன், டாக்டர் சீட்டு வேண்டாம்" என்கிறார். இது சட்டப்படி சரியா? (வாசகி, மதுரை)

பதில்: ஊசியை அவர் போடலாம். போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். இந்தத் தடுப்பூசிகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கவே கூடாது. கிராம சுகாதார செவிலியர் குழந்தைகளுக்குத் தனிச் சீட்டு இல்லாமல் போடுகிறாரே என்று கேட்பீர்கள். அங்கே எந்த வயதில் எந்த ஊசி என்பதை அரசுத் திட்டமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது டாக்டரின் சீட்டுதான். அதில் ஊசியின் பெயர், அளவு, தேதி, கையெழுத்து இருக்கட்டும்.

அடுத்து, வருபவர் உண்மையிலேயே நர்ஸா என்று பாருங்கள். சில மாதப் பயிற்சி முடித்த உதவியாளரையும் நம் ஊரில் நர்ஸ் என்றே அழைக்கிறோம். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எனக்குப் பெரிய கவலை அலர்ஜிதான். தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிவது மிக அரிது. ஆனால் வந்துவிட்டால், தொடைத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். அந்த மருந்து நர்ஸின் பையில் இருக்க வேண்டும், எவ்வளவு போடுவது என்பதை டாக்டர் முன்பே எழுதித் தந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் போட வேண்டாம். ஊசி போட்ட பிறகு நர்ஸ் அரை மணி நேரம் அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும். மூச்சுத் திணறினால் நர்ஸ் உடனே அட்ரினலின் போடட்டும், அதே நேரத்தில் நீங்கள் 108-ஐ அழையுங்கள்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் வர வேண்டும். பனிக்கட்டியாக உறைந்துபோனதையும் போடக் கூடாது.

உறையாமை மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் போதும். அன்று அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.