ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் சொந்த இணையதளம் எதற்கு? எப்படித் தொடங்குவது?

"பல்கலைக்கழகத் தளத்தில்தான் என் பக்கம் இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் நிறுவனத்துடையது. வேலை மாறினால் அது பெரும்பாலும் போய்விடும், அதைச் சுட்டும் இணைப்புகளும் செத்துவிடும். சொந்த டொமைன் (உங்களுக்கென்று பதிவுசெய்த இணைய முகவரி) வாங்கிவிட்டால் எங்கே போனாலும் முகவரி மாறாது (புதுப்பிக்க மறந்தால் அதுவும் போச்சு!). ஒரே பெயரில் நாலு பேர் எழுதும்போது வரும் குழப்பத்துக்கும் தளத்தில் உங்கள் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை, அதாவது ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டும் தனி அடையாள எண்ணைப் போட்டுவிடலாம்.

சரி, எப்படி? கிட்ஹப் பேஜஸ், கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ்.காம் மூன்றிலும் இலவசமாகத் தொடங்கலாம். கோடிங் பக்கம் போக விருப்பமில்லை என்றால் முதலாவதை விட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரே பக்கம் போதும்: அறிமுகம், கட்டுரைப் பட்டியல், பாடக் குறிப்புகள், மின்னஞ்சல். பாடக் குறிப்புகளைத் தயங்காமல் போடுங்கள்; கட்டுரையைத் தேடி வருபவர்களைவிடக் குறிப்புகளைத் தேடி வரும் மாணவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கட்டுரைகளின் பிடிஎஃப்பை ஏற்றும்போது மட்டும் கவனம். சந்தா இதழ்களில் பதிப்பாளர் வடிவமைத்த பிரதியைப் போடப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. மதிப்பீட்டுக்குப் பின் ஏற்கப்பட்ட உங்கள் கைப்பிரதியைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, சில இதழ்கள் 6 அல்லது 12 மாதம் கழித்து. ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அப்புறம், மாணவர்களின் மதிப்பெண்களும் படங்களும் அங்கே வேண்டாம்.