நர்சிங் ஹோமில் சேர்ப்பதற்கு முன் ஒரு படிவம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ நர்சிங் ஹோமில், அதாவது தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லத்தில், சேர்க்கும் நிலையில் இருக்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நோயாளிகளை மருத்துவமனையிலிருந்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கும் சமூகப் பணியாளர் நான். வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பரிசோதனையைப் பற்றியவை: நர்சிங் ஹோமில் சேர்பவருக்கு மனநோயோ அறிவுசார் குறைபாடோ உண்டா என்று பார்க்கும் பரிசோதனை. நாங்கள் அதைச் சுருக்கமாக 'பாஸர்' (PASRR) என்போம். படிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; அடிப்படை விதி மத்திய அரசுடையது.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தது. நர்சிங் ஹோமுக்கு அனுப்புவதற்கு முன், மனநோய் உண்டா, அறிவுசார் குறைபாடு உண்டா என்று கேட்கிறார்கள். எலும்பு முறிந்தவரிடம் இது எதற்கு?

பதில்: உங்கள் அப்பாவைச் சந்தேகித்து இதைக் கேட்கவில்லை ஐயா, எல்லோரிடமும் கேட்பார்கள். அரசு மனநல மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் காலியான காலத்தில், அங்கிருந்தவர்களில் பலர் நர்சிங் ஹோம்களில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். கட்டிலும் சோறும் கிடைத்தன. மனநோய்க்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் இதைத் தடுக்க முனைந்தது. 1989 ஜனவரி முதல் இந்தப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. இவருக்கு நர்சிங் ஹோம் உண்மையிலேயே தேவையா, தேவை என்றால் அவருடைய மனநோய்க்கோ குறைபாட்டுக்கோ தனியாக என்ன சேவை வேண்டும் என்பதுதான் அது கேட்கும் கேள்வி.

முதல் கட்டத்தை மருத்துவமனை ஊழியரே நிரப்புவார். பெரும்பாலானவர்களுக்கு 'இல்லை' என்று குறித்ததோடு வேலை முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மட்டுமே இரண்டாம் கட்ட மதிப்பீடு.

கேள்வி: இரண்டாம் கட்டத்துக்கு எத்தனை நாள் ஆகும்? மருத்துவமனை அவசரப்படுத்துகிறது.

பதில்: சராசரியாக 7 முதல் 9 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. ஒரு விலக்கும் உண்டு. மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர், அதே நோய்க்காக நேரே நர்சிங் ஹோமுக்குப் போகிறார், 30 நாட்களுக்குள் திரும்பிவிடுவார் என்று மருத்துவர் சான்றளித்தால் இரண்டாம் கட்டம் இல்லாமலே சேர்க்கலாம். 30 நாட்களைத் தாண்டித் தங்கினால், சேர்ந்த நாளிலிருந்து 40 நாட்களுக்குள் மறுஆய்வு நடக்க வேண்டும். அந்தத் தேதியை நீங்களும் குறித்துவையுங்கள். இல்லத்தில் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அக்கா, அம்மா பல ஆண்டுகளாக இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறார். உண்மையைச் சொன்னால் எந்த இல்லமும் எடுக்காது என்கிறார்கள். மறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்த ரகசியம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் லித்தியம் அப்படி மறைக்கக்கூடிய மருந்து அன்று. அதற்கு இரத்தப் பரிசோதனை விடாமல் நடக்க வேண்டும். உடலில் நீர் வற்றினாலும், சில இரத்த அழுத்த மாத்திரைகளோடும் வலி மாத்திரைகளோடும் சேர்ந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகும். இல்லத்துக்கு அது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் இல்லை. கடந்த 3 முதல் 6 மாதங்களில் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டது, கடந்த 2 ஆண்டுகளில் தீவிர மனநலச் சிகிச்சை தேவைப்பட்டதா என்பனவற்றையும் பார்ப்பார்கள். சில இல்லங்கள் தயங்கும் என்பது உண்மைதான். அப்போது வேறு இல்லம் தேடலாம். மறைத்துச் சேர்த்துப் பிறகு தெரியவந்தால் மதிப்பீடு எப்படியும் நடக்கும். அது முடியாத நாட்களுக்கு மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) பணம் வராமல் போகலாம்.

கேள்வி: மாமியாருக்கு மறதி நோய். அவருக்கும் இந்த மதிப்பீடு உண்டா?

பதில்: முதல் கட்டம் உண்டு. டிமென்ஷியா எனும் மறதி நோய்தான் முதன்மை நோய் என்றால், அது இந்த விதியில் 'தீவிர மனநோய்' கணக்கில் வராது.

கேள்வி: என் தம்பிக்கு 48 வயது. பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு. அம்மாதான் பார்த்துக்கொண்டார், அவர் காலமாகிவிட்டார். தம்பி இப்போது நிமோனியாவோடு மருத்துவமனையில் இருக்கிறான். நர்சிங் ஹோம்தான் வழி என்கிறார்கள். அவனுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை.

பதில்: அம்மாவை இழந்த துயரத்தோடு இதையும் சுமக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் தம்பிக்கு இரண்டாம் கட்டம் தேவை. குறைபாடு 18 வயதுக்கு முன்பே இருந்தது என்று தெரிய வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், வலிப்பு போன்ற தொடர்புடைய நிலைகளுக்கு 22 வயது எல்லை. பழைய பள்ளிப் பதிவு இல்லாவிட்டால் என்ன? எப்போது பேசினான், பொத்தான் போடத் தெரியுமா, காசு எண்ணுவானா, தனியாகக் கடைக்குப் போனது உண்டா என்று கூடப் பிறந்தவர் சொல்லும் விவரங்களே வலுவான ஆதாரம். எழுதிக் கொடுங்கள்.

பின்னாளில் மறதி நோய் வந்தாலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர் இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கப்படுவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் இளவயதிலேயே வருவதால் இது முக்கியம்.

என் கருத்தைக் கேட்டால், 48 வயதுக்காரரை எண்பது வயதுக்காரர்கள் நடுவே வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். நிமோனியா ஆறும் வரை தங்கலாம். அதோடு அங்கேயே குடியிருக்கத் தேவையில்லை. 1999இல் ஓம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊனமுற்றவர்களைத் தேவையில்லாமல் நிறுவனங்களில் அடைத்துவைப்பது பாகுபாடு என்று சொன்னது. மாநிலத்தின் வளர்ச்சிக் குறைபாட்டுத் துறைக்கு இன்றே விண்ணப்பியுங்கள். கலிபோர்னியா என்றால், இந்தச் சேவைகளை ஏற்பாடு செய்யும் ரீஜனல் சென்டருக்கு. பல மாநிலங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், ஆகவே தாமதிக்காதீர்கள். நர்சிங் ஹோமில் இருக்கும்போதும் அவருக்குரிய சிறப்புச் சேவைகளைக் கேட்க உரிமை உண்டு.

இன்னொன்று. வயது வந்தவருக்கு அக்கா தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தம்பியின் சம்மதத்தோடு நீங்கள் மதிப்பீட்டில் பங்கேற்கலாம். பாதுகாவலர் பொறுப்பு வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நானே மொழிபெயர்க்கலாமா?

பதில்: பக்கத்தில் இருங்கள், மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரிடம் விடுங்கள். மதிப்பீடு அவருடைய மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப நடக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தொலைபேசியிலாவது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு மகன் முன்னால் எந்தத் தாய் உண்மை சொல்வார்? உங்கள் வேலை வேறு. கணவர் படத்துக்கு விளக்கேற்றி அவரிடம் அன்றைய செய்தியைச் சொல்வது அம்மாவின் வழக்கம் என்றால், அதை மதிப்பீட்டாளரிடம் விளக்குங்கள். இல்லாவிட்டால் மாயக்குரலோடு பேசுகிறார் என்று கோப்பில் ஏறிவிடும்.

கேள்வி: நாங்கள் சொந்தப் பணம்தான் கட்டுகிறோம். அப்போதுமா?

பதில்: அப்போதும்தான். இல்லம் மெடிக்கெய்ட் அங்கீகாரம் பெற்றது என்றால் யார் பணம் கட்டினாலும் பரிசோதனை உண்டு. அன்றாட வேலைகளுக்கு மட்டும் உதவி கிடைக்கும் 'அசிஸ்டட் லிவிங்' வகை இல்லங்களுக்கு இது கிடையாது.

கேள்வி: அப்பா ஓராண்டாக இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய் மட்டும்தான். இப்போது அவர் கோப்பில் மனச்சிதைவு நோய் என்று எழுதியிருக்கிறது. 81 வயதில் புதிதாக வருமா?

பதில்: மிக அரிது. கேள்வி கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டும் என்று 2005இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அந்த மருந்தை எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள் என்பது இல்லத்தின் தரக் கணக்கில் சேரும். மனச்சிதைவு உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆக, ஒரு வரி எழுதினால் கணக்கு அழகாகிவிடும். இதனால்தான் 2023 ஜனவரியில் மத்திய அரசு இந்த நோய்க் குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

யார் கண்டறிந்தார், எந்தத் தேதியில், எந்த அறிகுறிகளை வைத்து என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாகத் தீவிர மனநோய் என்று சொன்னால் பாஸர் மறுஆய்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மேனிடம் (இல்லவாசிகளின் புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) புகார் செய்யுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: நர்சிங் ஹோம் தேவையில்லை என்று முடிவு வந்துவிட்டது. வீட்டில் பார்க்க ஆள் இல்லை.

பதில்: முடிவு எழுத்தில் வரும், மேல்முறையீட்டு உரிமையும் அதிலேயே இருக்கும். கெடு தேதியைப் பாருங்கள். மேல்முறையீடு செய்யும்போதே, வீட்டுக்கு வந்து உதவும் மெடிக்கெய்ட் திட்டங்களுக்கும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நாளை மதிப்பீட்டாளர் வருகிறார். என்ன தயாராக வைக்க வேண்டும்?

பதில்: மருந்துப் புட்டிகள் எல்லாம், இந்தியாவிலிருந்து வாங்கி வந்தவையும் சேர்த்து. பழைய டிஸ்சார்ஜ் சுருக்கங்கள். கண்ணாடி, காது கேட்கும் கருவி. இவை இல்லாமல் பேசவைத்து 'புரிந்துகொள்ளும் திறன் குறைவு' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் தெளிவாக இருக்கும் நேரம் காலையா மாலையா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்ததும் அறிக்கையின் பிரதி அவருக்கும் சட்டப் பிரதிநிதிக்கும் வர வேண்டும். அதில் பரிந்துரைத்த சேவைகள் இல்லத்தின் பராமரிப்புத் திட்டத்தில் ஏறியிருக்கின்றனவா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.