குல்மார்க்கில் சறுக்கும் அளவுக்குப் பனி எப்போது சேரும்?

(பதில் சொல்பவர், காஷ்மீரின் குல்மார்க்கில் ஆறு குளிர்காலங்கள் பணியாற்றிய முன்னாள் ராணுவ ஹவில்தார்)

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 24 முதல் 28 வரை குல்மார்க் போனால் பனி இருக்குமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: பார்ப்பதற்குப் பனி அநேகமாக இருக்கும், சகோதரி. சறுக்கக் கற்கும் அளவுக்கு இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்ற ரோப்கார் நடுவழி நிலையமான கொங்டூரிக்கும், பிறகு இரண்டாம் கட்டமாக அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலேயும் ஏறுகிறது. மேலே நவம்பரிலேயே வெள்ளை பிடித்துவிடும். ஆனால் உங்கள் பிள்ளை முதன்முதலில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு நிற்கப்போவது கீழே, புல்வெளிச் சரிவில். அங்கே கல்லும் மேடுபள்ளமும் மறைய முழங்கால் அளவாவது பனி வேண்டும்.

எங்கள் சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு மூங்கில் கழியை நட்டு, சாணுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தோம். காலையில் டீ வாங்கப் போகும்போது எத்தனை கோடு மூழ்கியிருக்கிறது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஒரு வருடம் கிறிஸ்துமஸ் அன்று முதல் கோடுகூட மறையவில்லை; புல் நுனி தெரிந்தது. அதே கழி பிப்ரவரி நடுவில் ஒரு கையகலம்தான் வெளியே நின்றது.

நம் ஊரில் அக்னி நட்சத்திரத்துக்கு நாள் கணக்கு இருப்பது போல, காஷ்மீரிகள் குளிருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21ல் தொடங்கும் 40 நாள் சில்லை கலான். அடுத்த 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா. முதல் நாற்பதில் விழும் பனி குளிரில் கரையாமல் கிடந்து, விழ விழ ஏறும். நீங்கள் போக நினைப்பது அதன் முதல் வாரம். ஏற வேண்டிய பனி இன்னும் ஏறியிருக்காது. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரைதான் நான் சொல்லும் காலம். பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்டுப் பாருங்கள். மார்ச்சிலும் பனி இருக்கும். ஆனால் காலையில் கண்ணாடி மாதிரி இறுகி, மதியம் களி மாதிரி குழைந்துவிடும். புதிதாகக் கற்பவனுக்கு இரண்டுமே சிரமம்.

டிசம்பர்தான் முடியும் என்றால் ஸ்லெட்ஜ் என்ற சறுக்குப் பலகையில் இழுத்துப் போகச் சொல்லி விளையாடட்டும். பயிற்சிக்கு முன்கூட்டியே முழுப் பணம் கட்டாதீர்கள்.

இரவில் மைனஸ் 7, 8 டிகிரி சாதாரணம். வானம் தெளிந்த இரவு இன்னும் மோசம், மேகப் போர்வை இல்லாததால் சூடெல்லாம் மேலே போய்விடும். கம்பளிக் கையுறை மட்டும் போதாது. அது நனைந்தால் விரல் மரத்துவிடும், அதனால் மேலே நீர் புகாத உறை வேண்டும். அப்புறம், நம் ஊரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: 2024 ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்த படங்களைப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் குளிர் இருந்தும் பனி ஏன் விழவில்லை? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: குளிர் இருந்தால் மட்டும் போதாது, ஈரம் வர வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றுச் சுழற்சிதான் அந்த ஈரத்தைக் கொண்டுவருகிறது. குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி மேலே ஏறும்போது அது பனியாகக் கொட்டுகிறது. அந்த ஜனவரியில் பலமான சுழற்சி வரவில்லை. மாதக் கடைசியில்தான் வந்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே அங்கே நடந்தன. 2025ல் பனி போதாமல் அதே போட்டிகளை பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். எனவே நாள்காட்டியை மட்டும் நம்பாமல் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஒரு சுழற்சி கடந்துபோன பிறகு வருகிற தெளிந்த நாட்கள்தான் பொன்னான நாட்கள்.

கேள்வி: நாங்கள் போனபோது நல்ல வெயில். இருந்தும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை மூடிவிட்டார்கள். இது நியாயமா? (வாசகர், சேலம்)

பதில்: நியாயம்தான், ஐயா. உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே முகட்டில் காற்று ஆளைத் தள்ளும். அதைவிடப் பெரிய காரணம் பனிச்சரிவு. ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, குளிர்ந்த தெளிந்த இரவுகளில் சர்க்கரை மாதிரி மணி மணியாகிவிடும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்காது, விரலிடுக்கில் உதிரும். அதன் மேல் மூன்றடி புதுப்பனி உட்கார்ந்தால், ஒருவர் குறுக்கே சறுக்கினாலே மொத்தமும் பெயர்ந்து வரும். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி, பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரும் பனி விழுந்த மறுநாள் மேலே போகக் கேட்காதீர்கள். ரோந்துக்காரர்கள் கயிறு கட்டியிருந்தால் அதற்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், வழிகாட்டி எவ்வளவு தைரியம் சொன்னாலும்.