நியூக்ளியர் எண்டதும் பயந்த அக்காவுக்கு: மகளின்ர படிப்பைப் பற்றிக் கொஞ்சம்

அக்கா, நேற்று மகளோட வந்திட்டுப் போகேக்க படலையடியில நிண்டு கேட்டீங்களெல்லோ, "தம்பி, நியூக்ளியர் எண்டு ஏதோ சொல்லுறாள், கதிர் கிதிர் பட்டிடாதே" எண்டு. நிண்ட நிலையில சொல்லேலாமப் போட்டுது, அதுதான் இப்ப இருந்து எழுதுறன்.

இது அணுகுண்டு நியூக்ளியர் இல்லை அக்கா. கலத்துக்குள்ள கரு இருக்கெல்லோ, அதுக்குள்ள வேலை செய்யிற வாங்கியளை, அதாவது ஓமோன் வந்து ஒட்டுற புரதங்களைத்தான் நியூக்ளியர் றிசெப்டர் எண்டுறது, மனுசருக்கு இப்பிடி 48 இருக்கு. ஓமோன் வந்து அதில இருந்தால் அது டிஎன்ஏயைப் பிடிச்சு இந்த ஜீனை முடுக்கு, அந்த ஜீனை நிப்பாட்டு எண்டு விடும். மார்புப் புற்றுநோயில 100க்கு 70 அளவில ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஓமோனின்ர வாங்கியை வச்சு வளருறதுதான். உங்கட அம்மா தெல்லிப்பழை கிளினிக்கில எடுக்கிற தமொக்சிஃபென் குளிசை அந்த வாங்கியில போய்க் குந்திக்கொண்டு ஈஸ்ட்ரஜனை இருக்க விடாது, அவ்வளவுதான் அதின்ர வேலை.

மகள் என்ன செய்தவா தெரியுமோ, அம்மம்மாவின்ர குளிசைக் கார்ட்டை பாக்கில இருந்து எடுத்து வச்சிட்டு, "பக்கத்து வீட்டு மாமிக்கும் இதே வருத்தம், அவவுக்கு ஏன் இதைக் குடுக்கேல்லை" எண்டு கேட்டா. ரெண்டு ஷை, அதாவது ரெண்டு தரம் ஏஎல் சோதனை எடுத்துக் களைச்ச பிள்ளை இதைக் கேக்குது எண்டால் மூண்டாவது தரமும் மெடிசினுக்கு இருத்தித்தான் ஆகோணும் எண்டு நிக்காதேங்கோ அக்கா. அந்தக் கேள்விக்குப் பதில் லாபிலதான் இருக்கு, கட்டியில சின்னத்துண்டை வெட்டிச் சாயம் போட்டு ஸ்லைட்டில பாத்தால் வாங்கி இருக்கிற கலங்களின்ர கரு மட்டும் மண்ணிறமாத் தெரியும், அப்பிடித் தெரியாட்டி இந்தக் குளிசையால பிரயோசனமில்லை. அந்த ஸ்லைட்டை வடிவாச் செய்யிறது எம்எல்எஸ், அதாவது மருத்துவ லாப் படிப்புப் படிச்ச ஆக்கள். தமொக்சிஃபெனை 1962இல முதல் செய்து எடுத்த டோரா றிச்சட்சன் இங்கிலாந்தில ஐசிஐ கொம்பனியில இருந்த கெமிஸ்ட், டொக்டர் இல்லை. கர்ப்பத்தடைக்கு எண்டு செய்தது, அதுக்குச் சரிவரேல்லை, 1973இல அங்க மார்புப் புற்றுநோய்க்கு வந்தது.

இனிக் கண்டுபிடிக்க என்ன கிடக்கு எண்டு கேப்பீங்கள். நிறையக் கிடக்கு. சில ஆக்களுக்குக் கொஞ்சக் காலத்தில வாங்கியே மாறிப்போய் ஓமோன் இல்லாமலே வேலை செய்யத் தொடங்கிடும், பிறகு பழைய மருந்துகள் சரியாப் பிடிக்காது. அப்பிடி மாறின வாங்கிக்கெண்டு எலசெஸ்ட்ரன்ட் எண்ட குளிசைக்கு அமெரிக்காவில 2023இலதான் அனுமதி குடுத்தவை.

சரி, படிப்புக்கு வருவம். யாழ்ப்பாணக் கம்பஸிலயே அலைட் ஹெல்த் பீடத்தில பார்மசியும் எம்எல்எஸ்உம் இருக்கு, ரெண்டும் நாலு வருசம், வேலைக்கும் ஒரு பிடி இருக்கும். ஆராய்ச்சிதான் எண்டால் சயன்ஸ் பீடத்தில கெமிஸ்ட்ரியை விடாமல் நாலு வருச ஸ்பெஷல் செய்யட்டும், மூண்டு வருசத்தோட வெளிய வந்தால் மேல போறது கஷ்டம். பிறகு கொழும்புக் கம்பஸின்ர மொலிக்கியூலர் பயோலஜி நிறுவனத்தில எம்எஸ்ஸி ஒண்டு செய்யலாம். ஒளிக்காமச் சொல்லுறன், யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு புதுமருந்து கண்டுபிடிக்கிற வேலை இப்ப இல்லை, பிஎச்டிக்கு வெளியில போகத்தான் வேணும். அமெரிக்கா போல இடங்களில சயன்ஸ் பிஎச்டிக்குப் பெரும்பாலும் அவங்களே பீஸையும் விட்டு மாசக் காசும் தருவாங்கள், அதால ஏஜென்சிக்காரன் கேட்டான் எண்டு காணியை ஈடு வைக்கப் போகாதேங்கோ. தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்பிடி வச்சிட்டு இப்பவும் வட்டி கட்டுது, எனக்கு அந்த வீட்டால போகேக்க மனம் சரியில்லாமப் போகும். பிள்ளையின்ர இங்கிலீசைத்தான் இப்பவே பாக்கோணும், அது இல்லாட்டி மாக்ஸ் இருந்தும் வேலையில்லை.

கம்பஸுக்கு விண்ணப்பிக்கிற யூஜிசி போமில கோர்ஸ் வரிசையை நீங்களும் மாமாவும் இருந்து போடாதேங்கோ. சனிக்கிழமை பின்னேரம் ஏஎல் இசட் ஸ்கோர் புள்ளித் தாளோட மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவே எழுதட்டும், நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்.