வயதான பெற்றோர் சொந்த வீட்டிலேயே பத்திரமாக வாழ: கேள்வி பதில்

முதியோர் வசிக்கும் வீடுகளைத் திருத்தியமைத்துத் தரும் கட்டடப் பொறியாளன் என்ற முறையில், சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மயிலாப்பூர் வாசகர்: அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு 72. இருவரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பணம் குறைவு. எந்த வேலையிலிருந்து தொடங்குவது?

குளியலறையிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் முன்பு ஓர் இரவு அங்கே தங்கி, அப்பா படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதைக் கவனியுங்கள். சுவிட்சை எட்டும் வரை இருட்டில் எவ்வளவு தூரம் நடக்கிறார், எந்த இடத்தில் சுவரையோ கதவு நிலையையோ பற்றிக்கொள்கிறார் என்பதைப் பார்த்தாலே, பணம் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். தினமும் கை படும் இடத்தில் சுண்ணாம்பும் பெயின்ட்டும் கறுத்துப்போயிருக்கும்; கைப்பிடிக் கம்பி வர வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஆளைக் கண்டதும் தானே எரியும் சிறு விளக்குகளைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். செலவு மிகக் குறைவு, பயன் அன்றிரவே தெரியும். அடுத்ததாகக் குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வருபவரால் நுழைய முடியாது. வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும் தாழ்ப்பாள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது.

நம் வீடுகளில் பெரியவர்கள் வாளியும் குவளையுமாகத்தான் குளிக்கிறார்கள். ஆபத்து அந்தக் குனிந்து நிமிர்வதில் இருக்கிறது. ரப்பர் அடி கொண்ட அலுமினிய நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன் பக்கத்தில் ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி வாளியை அதன்மேல் வைத்துவிட்டால், உட்கார்ந்தபடியே, குனியாமல் குளித்து முடிக்கலாம். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் ஈரத் தரையில் போடாதீர்கள். எழும்போது அதன் கால்கள் விரிந்து சறுக்கும்.

நங்கநல்லூர் வாசகி: அம்மாவுக்காகக் குளியலறையில் பிளம்பர் மாட்டிய கைப்பிடி இரண்டே மாதத்தில் ஆடத் தொடங்கிவிட்டது. எப்படிப் பொருத்தியிருக்க வேண்டும்?

ஆடுகிற கைப்பிடி, கைப்பிடியே இல்லாத சுவரைவிட ஆபத்தானது. ஏனெனில் அதை நம்பித்தான் உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுக்கிறார்கள். இன்றே கழற்றிவிடுங்கள், அல்லது யாரும் பிடிக்காதபடி துணியால் கட்டி வையுங்கள்.

பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கிய ஸ்குரூ, துண்டு போடும் கம்பிக்குத்தான் போதும். ஆளைத் தாங்கும் கம்பிக்கு, டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் பிடிக்கிற ஆங்கர் போல்ட் வேண்டும். குளியலறைத் தடுப்புச் சுவர் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான் இருக்கும். அங்கே சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குவதே உறுதியானது. இலேசான ஏஏசி கல் (காற்றறைகள் கொண்ட கான்கிரீட் கல்) சுவராக இருந்தால், பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கரைக் கேட்டு வாங்குங்கள். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று வெற்றொலி வரும் இடத்தில் துளையிட வேண்டாம்.

கம்பி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலப் பருமனில், கைக்கு அடக்கமாக இருக்கட்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றரை முதல் 2 அங்குலம் போதும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் முழங்கை வழுக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து சுமார் 28 முதல் 30 அங்குல உயரத்தில் படுக்கைவாட்டில் ஒன்றும், குளிக்கும் இடத்துக்குள் கால் வைக்கும் இடத்தில் நிமிர்ந்து ஒன்றும் வேண்டும். ஆயினும் இந்த அளவுகளைவிட அம்மாவின் கை முக்கியம். அவரை இருக்கையில் அமர்த்தி, எழ முயலும்போது கை எங்கே போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கடற்காற்று படும் ஊர் இது. துருப்பிடிக்காத 304 அல்லது 316 ரக எஃகையே வாங்குங்கள். வேலை முடிந்ததும் நீங்களே இரு கைகளாலும் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். இலேசாக அசைந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: குளியலறை டைல்ஸ் வழுக்குகிறது. எல்லாவற்றையும் உடைத்து மாற்றச் சொல்கிறார் மேஸ்திரி.

உடைப்பதற்கு அவசரப்பட வேண்டாம். போர் தண்ணீரின் உப்பும் சோப்பும் சேர்ந்து டைல்ஸ்மேல் ஒரு படலமாகப் படிவதுதான் பல வீடுகளில் வழுக்கலுக்குக் காரணம். ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, பிறகு ஈரமாக்கி நடந்து பாருங்கள். அப்போதும் வழுக்கினால், குளிக்கும் பகுதியில் மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் பதிக்கலாம். மாடி வீட்டில் தரையை உடைத்தால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் சேர்ந்து உடையும். அதைத் திரும்பப் போட்டு, தண்ணீர் தேக்கிச் சோதிக்காமல் டைல்ஸ் பதித்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். தரைச்சரிவு கதவை நோக்கி இல்லாமல் வடிகாலை நோக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.

கோடம்பாக்கம் வாசகி: அப்பா வாழ்நாள் முழுக்க இந்தியன் கழிப்பறையையே பயன்படுத்தியவர். இப்போது முழங்கால் மடங்கவில்லை.

வெஸ்டர்ன் இருக்கையின் மேற்புறம் தரையிலிருந்து 18 அங்குலம் இருந்தால் பெரும்பாலானோர்க்கு எழுவது எளிது. ஏற்கெனவே தாழ்வான இருக்கை இருக்கிறதென்றால், அதன்மேல் பொருத்தும் உயர்த்தி போதும். வெள்ளைத் தரையில் வெள்ளை இருக்கை மங்கிய கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. மூடியையாவது அடர்ந்த நிறத்தில் போடுங்கள்.

மேற்கு மாம்பலம் வாசகர்: வாசற்படியில் அம்மா இருமுறை தடுக்கி விழப் பார்த்தார். எடுத்துவிடலாம் என்றால், ‘நிலைப்படி இல்லாத வீடா?’ என்று மறுக்கிறார்.

அம்மாவின் மனம் நோக வேண்டிய அவசியமே இல்லை. தலைவாசல் நிலைப்படியை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு அவர் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதே, படி இருக்கும் இடத்தைக் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டிவிடுகிறது. அங்கே வெளிச்சமும், கதவை ஒட்டிப் பிடித்துக்கொள்ள நிமிர்ந்த கம்பியும் இருந்தால் போதும். மாற்ற வேண்டியவை அறைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய மேடுகள். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட மேட்டைச் சரிவாக்கிவிடுங்கள். காலுக்கு அடியில் சுருளும் மிதியடிகளையும் அகற்றுங்கள். அதிகாலையில் கோலம் போடக் குனிவது சிரமமாக இருந்தால், அவர் அமர்ந்து போட ஓர் உறுதியான முக்காலியை வாசலில் வைத்துக் கொடுங்கள். கோலத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஜாக்கி வைத்து வீட்டை 3 அடி உயர்த்தினோம். இப்போது அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. சாய்தளம் போட இடம் போதுமா?

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி ஏற 12 அடி நீளம் கேட்கும். 3 அடிக்கு 36 அடியும், நடுவில் இளைப்பாறச் சமதளமும் சேர்த்து 40 அடிக்கு மேல் வேண்டும். பக்கச் சந்தில் மடக்கிக் கொண்டுவர முடியுமா என்று அளந்து பாருங்கள். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் அவசியம். இடமில்லை என்பதற்காகச் செங்குத்தாகப் போட்டுவிட்டால், தள்ளுபவரின் கையிலிருந்து நாற்காலி நழுவும். அப்படிப் போடுவதைவிட, குறைந்த உயரத்துக்கென்றே வரும் மின்தூக்கி மேடை நல்லது.

அம்மாவின் படுக்கையைக் கீழ்த்தளத்திலேயே வைத்திருப்பீர்கள். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், உங்கள் பகுதி மறுபடியும் நீரில் நின்றதை மறந்துவிடாதீர்கள். பிளக் பாயின்ட்டுகளை இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றுங்கள்; குனியாமல் எட்டவும் அது உதவும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வாரமே போடச் சொல்லுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தவுடன், தண்ணீர் வருவதற்கு முன்பே, அம்மாவை எங்கே கொண்டுபோவது என்பதைக் குடும்பத்தார் இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகர்: தாம்பரத்தில் அப்பா தனியாக இருக்கிறார். எல்லா அறையிலும் கேமரா வைக்க விரும்புகிறேன், அவர் ஒப்பவில்லை.

அவர் சொல்வது நியாயம். அது அவருடைய வீடு. படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமராவுக்கு இடமே இல்லை. கூடத்தில் வைப்பதும் அவர் சம்மதித்தால் மட்டுமே. உங்கள் கவலை, அவர் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பதுதானே? குளியலறையிலும் கட்டிலருகிலும் அழைப்பு மணி வைத்து, அதன் கயிறு தரை வரை தொங்கும்படி விடுங்கள். விழுந்து கிடப்பவரின் கைக்கு அதுதான் எட்டும். மணியோசை பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும். அந்த வீட்டாரிடம் ஒரு சாவியையும் கொடுத்து வையுங்கள். 108 ஆம்புலன்ஸ் எண்ணையும், முதியோர் உதவி எண்ணான 14567ஐயும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டச் சொல்லுங்கள். இவற்றை எங்கே பொருத்துவது என்பதை அப்பாவே சொல்லட்டும். அடுத்த விடுமுறையில் நீங்கள் வரும்போது அவரோடு சேர்ந்து மணியை ஒருமுறை இழுத்துச் சோதித்துவிடுங்கள்.