வெண்பா எழுதத் தெரியாத எந்திரத்தை எதற்கு நம்பலாம்?

கேள்வி இது: "செயற்கை நுண்ணறிவு, செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது என்ன? கணினி தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது?" கேட்டவர் மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். மகன் எதற்கெடுத்தாலும் செல்போனில் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று வருத்தமும் பட்டிருக்கிறார்.

நானும் கணினி படித்தவன் இல்லை. மதுரையில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பில் புக், இதுதான் பிழைப்பு. இரண்டு வருடமாக இந்த எந்திரத்தோடு தினமும் புழங்குகிறேன். அதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பத்திரிகையில் இருந்தே ஆரம்பிக்கலாம். "நிகழும் மங்களகரமான" என்று அடித்ததும் அடுத்து என்ன வரும்? எங்கள் கடையில் கம்போஸ் செய்கிற பையன் மேட்டரைப் பார்க்காமலே ஒரு தமிழ் வருடப் பெயரை அடித்துவிடுவான். அப்புறம் மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், "சுபயோக சுபதினத்தில்" வரை கை தானாக ஓடும். ஆயிரம் பத்திரிகை அடித்த கை. ஆனால் அது விசுவாவசு வருடமா பராபவ வருடமா என்பது கைக்குத் தெரியாது, காலண்டரைத்தான் பார்க்கவேண்டும்.

சாட்ஜிபிடி மாதிரியானவை அந்தப் பையனின் கைதான், கொஞ்சம் பிரமாண்டமாக. இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைத்த எழுத்தையெல்லாம் கொட்டி, ஒவ்வொரு இடத்திலும் "இதற்கு அடுத்து எது வரும்?" என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தப்பினால் உள்ளே இருக்கும் எண்கள் இம்மியளவு திருத்தப்படும். இதையே கோடிக்கணக்கான முறை செய்கிறார்கள். 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற எந்திரத்துக்குள் அப்படித் திருத்தித் திருத்தி நிலைபெற்ற எண்கள் 17,500 கோடி. அதன் வழியில் வந்த சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. இப்போது வருபவை இணையத்தில் தேடிப் பார்த்தும் பதில் சொல்கின்றன, அதாவது இடையிடையே காலண்டரை எட்டிப் பார்க்கின்றன. ஆனாலும் பார்த்துச் சொன்னது எது, கை ஓடிய வேகத்தில் வந்தது எது என்று பதிலை மட்டும் வைத்து நம்மால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மிடுக்கோடு வரும்.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் மட்டும் பழையது. 1955இல் ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்கக் கணித அறிஞரும் இன்னும் மூன்று பேரும், மறுவருடம் டார்ட்மத் கல்லூரியில் நடத்தவிருந்த கோடைக்காலக் கூட்டத்துக்காக எழுதிய விண்ணப்பத்தில் இந்தச் சொல்லைப் போட்டார்கள். அதன்பிறகு பல வருடங்கள் விதி வழி ஓங்கியிருந்தது. அதாவது மனிதன் தனக்குத் தெரிந்ததை விதியாக எழுதிக் கொடுப்பான், எந்திரம் அதன்படி நடக்கும். 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் தோற்கடித்த டீப் புளூ என்ற கணினி பெரும்பாலும் அந்த ரகம்தான். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும்.

இன்னொரு வழி, எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்குவது. அதுவும் 1950களிலேயே தொடங்கியதுதான், ஆனால் உருப்படியாகக் கைகூட நெடுங்காலம் ஆனது. 2012இல் டொராண்டோவைச் சேர்ந்த மூன்று பேர் சுமார் 12 லட்சம் படங்களைக் காட்டிப் பழக்கிய எந்திரம், படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் போட்டியில் மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. வீடியோ கேம் ஆடுவதற்கு விற்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில்தான் அதைப் பழக்கினார்கள். அந்த மூவரில் மூத்தவரான ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்றைக்கு ஊரெல்லாம் பேசுவது இந்த இரண்டாவது ரகத்தைத்தான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு வெண்பாவால். சென்ற வருடம் ஒருவர் தன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு வாழ்த்து வெண்பா வேண்டும் என்றார். எந்திரத்திடம் கேட்டேன். பத்து நொடியில் நாலு அடி. எதுகை, மோனை எல்லாம் ஜோராக இருந்தது. ஆனால் "அன்பு" என்ற சீருக்குப் பக்கத்தில் "வாழ்க" என்று வந்தது. வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேர்வதற்கு விதி உண்டு, அந்தச் சேர்க்கைக்குத் தளை என்று பெயர். "அன்பு" மாதிரியான மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையசையில் ("மலர்" மாதிரி) தொடங்கவேண்டும், "வாழ்க" நேரசையில் ("வாழ்") தொடங்குகிறது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கவேண்டிய இடத்தில் "வாழ்த்துகிறோம்" என்று முடித்திருந்தது. ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்துக் கற்ற தமிழ்!

"தளை தட்டுகிறதே" என்றேன். மன்னிப்புக் கேட்டது, வெண்பாவின் இலக்கணத்தை வரிசையாக ஒப்பித்தது, தப்பில்லாமல். பிறகு "திருத்திய வெண்பா" என்று இன்னொன்றைக் கொடுத்தது. அதிலும் இரண்டு இடத்தில் தட்டியது. மறுபடி மன்னிப்பு.

அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருள் இருக்கிறது. விதிகளை எழுதிச் செய்தது. அதற்கு அன்பும் தெரியாது, அறுபதாம் கல்யாணமும் தெரியாது, ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதாது. ஆனால் வெண்பாவைப் போட்டால் அசை பிரித்து, தளை எங்கே தட்டுகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டிவிடும். எழுத்தைக் காட்டிப் பழக்கிய எந்திரமோ அழகாக எழுதுகிறது, விதியையும் ஒப்பிக்கிறது, ஆனால் எழுதும்போது விதியைக் கடைப்பிடிக்கத் தடுமாறுகிறது. இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அது எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை; சொற்களைத் தன் வசதிக்குத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. நம் குறில் நெடிலும் ஒற்றும் அந்தத் துண்டுக்குள் மறைந்துவிடுகின்றன. போதாததற்கு, அது படித்ததில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் மடுவளவு.

அதற்காக இதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஏனென்றால் விதி எழுதவே முடியாத காரியங்கள் உண்டு. என் அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆரம்பத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது, பார்வை மங்கும்போது காரியம் கெட்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பார்த்துவிடவேண்டும். எத்தனை கோடி சர்க்கரைக்காரர்கள், எத்தனை விழித்திரை மருத்துவர்கள்? கணக்கு எங்கேயும் கட்டுப்படியாகாது. அந்தப் படத்தில் இருக்கும் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி இரத்தக் கசிவா, அழுக்கா என்பதற்கு எந்த மருத்துவராலும் முழுமையான விதி எழுதித் தர முடியாது. ஆனால் படத்தைக் காட்டினால் சொல்லிவிடுவார்.

கூகுள் ஆய்வாளர்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். 2016இல் வெளியான அவர்களது ஆய்வுக்கு, சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் கண் மருத்துவர்கள் 54 பேரைக் கொண்டு தரம் பிரித்தார்கள். ஒரு படத்தையே மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்தார்கள். அதைக் கொண்டு பழக்கிய எந்திரம் தேர்ந்த கண் மருத்துவர்களுக்கு நிகராகச் சொன்னது. படங்கள் கொடுத்த மருத்துவமனைகளில் எங்கள் ஊர் அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. 2019 வாக்கில் மதுரை அரவிந்தில் அது நடைமுறைக்கே வந்தது.

இதே எந்திரத்தைத் தாய்லாந்தின் சிறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனபோது நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். முதல் சில மாதங்களில் 1,838 படங்கள் எடுத்தார்கள். அதில் 21 விழுக்காட்டை "படம் தெளிவில்லை" என்று எந்திரம் திருப்பிவிட்டது. பல இடங்களில் படம் எடுக்கும் அறையை இருட்டாக்க வசதி இல்லை. மங்கலான படத்திலேயே நர்சுக்கு நிலைமை புரிந்தாலும் எந்திரம் ஒப்புக்கொள்ளாது, நோயாளி இன்னொரு நாள் இன்னொரு ஊருக்கு அலையவேண்டும். ஆய்வுக்கூடத்தில் கண்ணைப் படித்த எந்திரத்துக்கு ஜன்னல் வெளிச்சம் புதுசு. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிற்றே, அந்த மட்டில் என் வெண்பா எந்திரத்தைவிட அது நாணயம்.

அடுத்த விஷயம், இது எப்போதும் அதிகம் பார்த்ததன் பக்கம் சாயும். ஒரு பத்திரிகை மேட்டர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. இப்போது எல்லாக் கணினியிலும் ஓடும் யூனிகோடு முறைக்கு மாற்றும் சாதாரணக் கருவி கைவசம் இருந்தும், சோம்பலில் இந்த எந்திரத்திடம் கொடுத்தேன். சுத்தமாக மாற்றியது. சுத்தத்தோடு சுத்தமாக, குலதெய்வம் "அங்காள ஈஸ்வரி"யை "அங்காள பரமேஸ்வரி" ஆக்கிவிட்டது. படித்த எழுத்தில் பரமேஸ்வரிதான் அதிகம் வந்திருக்கும் போல. ப்ரூஃப் பார்க்க வந்த பெரியம்மா கண்ணில் பட்டதால் தப்பித்தேன். பிளேட் போட்ட பிறகு என்றால் 500 பத்திரிகை குப்பை, சாமி குத்தம் தனி.

எனக்கு அது சாமி பெயரோடு போயிற்று. முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் எந்திரங்களை 2018இல் இரண்டு பெண் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெளுத்த நிறமுள்ள ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த நிறமுள்ள பெண்களிடம் ஓர் எந்திரத்தின் பிழை 35 விழுக்காட்டை நெருங்கியது. இப்படிப்பட்டதைக் காவல் நிலையத்திலோ வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலோ வைத்தால் யார் தலையில் விடியும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

பொய்யை நிஜம் மாதிரி சொல்வதற்கு நியூயார்க் வக்கீல் கதை ஒன்று போதும். 2023இல் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. "இது நிஜமான வழக்குதானா?" என்று அதனிடமே கேட்டிருக்கிறார் வக்கீல், "ஆமாம்" என்றிருக்கிறது. 5,000 டாலர் அபராதம். திருடனிடமே சாவி கேட்ட கதை.

சரி, நான் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்? போட்டோவில் பின்னணியை வெட்டி எடுக்க. முன்பு ஒரு கல்யாண ஜோடியின் தலைமுடி ஓரத்தை வெட்டவே அரை மணி ஆகும். கையெழுத்தில் வரும் நீளமான பெயர்ப் பட்டியலைப் படித்து அடிக்க. ஆங்கிலக் கடிதத்துக்கு முதல் வரைவு எழுத. எல்லாமே என் கண்ணால் சரிபார்த்துவிடக்கூடிய வேலைகள். மருந்து அளவு, வரிக் கணக்கு, கோர்ட் விவகாரம் என்றால் அது சொல்வதைக் கேட்டுக்கொள்வேன், ஆனால் உரியவரைப் பார்க்காமல் எதுவும் செய்யமாட்டேன். வாடிக்கையாளரின் ஆதார், போன் நம்பர் எதையும் அதில் போடுவதில்லை.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். உங்களுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்த ஒன்றை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் திருவிழா எப்படி நடக்கும், நல்ல மிளகை எப்படிப் பார்த்து வாங்குவது, இப்படி. பக்கத்தில் உட்கார்ந்து பதிலைப் படியுங்கள். எங்கே பிசகுகிறது என்று நீங்களே அவனுக்குக் காட்டுவீர்கள்.

வெண்பா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். எந்திரம் எழுதியதைக் காட்டினேன். "எதுகை நல்லா போடுறான்ப்பா, தளைதான் வரல" என்று சிரித்தார். ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் கால் மணி நேரத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தார். அவலோகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை. பணம் வாங்க மறுத்துவிட்டார். பென்ஷன் விஷயமாக பேங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும், அதை மட்டும் "உன் ஆளை" விட்டு எழுதிக் கொடு என்றார். அரை நிமிடத்தில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தவர், தன் இனிஷியலை மட்டும் திருத்தினார்.